ஆறு வருட நகல்

மேலாளரின் மெயில் காலை பத்தே முக்காலுக்கு வந்து விழுந்தது. முதல் பார்வையில் எனக்குச் சந்தோஷம்தான். மனிதர் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். 'அன்புள்ள' என்று தொடங்கி 'நன்றியுடன்' என்று முடித்திருந்தார். ஒரு மெயிலுக்கு ஒரே விஷயம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இந்த ஆபீசில் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது வீண்போகவில்லை.

அப்புறம்தான் படித்தேன்.

"அன்புள்ள ஆய்வாளர் அவர்களுக்கு, தங்கள் இடது கண் விரைவில் குணமாக வேண்டுகிறேன். திங்கள்கிழமை முதல் தாங்கள் கேட்கவிருந்த விடுப்புக்கு இனி அவசியம் இல்லை. உடல்நலக் காரணத்தால் இன்று முதல் தங்களைக் கயிற்று வேலையிலிருந்து விலக்குகிறேன். முறையான கடிதம் தனியாக வரும். நன்றியுடன்."

அதற்குக் கீழே நான் எழுதிய மெயில் முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஆய்வாளர் கயிறு அக்காவுக்கு, அவருக்கு மட்டும், நான் எழுதியது. இப்போது அதற்கு மேலாளர் பதில் போட்டிருக்கிறார். பதில் எனக்கும் வந்திருக்கிறது, அக்காவுக்கும் போயிருக்கிறது.

இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எத்தனை தடவை படித்தாலும் அதேதான் இருந்தது.

எங்கள் கம்பெனிக்கு வேலை, உயரக் கட்டடங்களின் லிஃப்ட்களைப் பராமரிப்பது. நான் கடிதப் பிரிவு. கட்டடக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்புவது, புகாருக்குப் பதில் எழுதுவது, ஆய்வாளர்களின் அறிக்கைகளை வாங்கிக் கோப்பில் சேர்ப்பது எல்லாம் என் தலையில். கயிறு அக்கா அந்த ஆய்வாளர்களில் ஒருவர். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. அடிக்கொருதரம் நிறுத்தி, டார்ச் அடித்து, கண்ணை ஒட்ட வைத்து எண்ணுவார். துணியை மேலே வைத்து நகர்த்தினால் அறுந்த இழை துணியில் மாட்டும். பத்தொன்பது வருடம் அதைச் செய்தவர். மற்ற ஆய்வாளர்கள் நாலு பக்க அறிக்கையில் நாற்பது மழுப்பல் மழுப்புவார்கள். அக்கா, "மூன்றாவது கயிறு, ஏழு இழை, மாற்றுங்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவருக்கு இடது கண்ணில் விழித்திரை வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரத்தில் மூன்று ஊசி, அநேகமாகச் சரியாகிவிடும். ஏழாவது வாரம் எல்லா ஆய்வாளர்களுக்கும் நடக்கிற வருடாந்தரக் கண் பரிசோதனை. அதற்குள் தேறிவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருக்கிறது. உடல்நலக் காரணம் காட்டி ஒருவரைக் கயிற்று வேலையிலிருந்து விலக்கினால், அப்புறம் அவர் கழுகுப் பார்வையோடு வந்து நின்றாலும் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். எந்தப் புண்ணியவான் எழுதினானோ தெரியாது, எழுதிவைத்திருக்கிறான்.

ஆபீசில் சுவருக்கெல்லாம் காது. அதனால் அக்கா எனக்கு மெயிலில்தான் எழுதினார். ஜோடி ஆய்வாளரிடம் சொல்லிவிட்டாராம், வார முடிவு வரை ஒவ்வொரு கயிற்றையும் அவரும் ஒரு தடவை பார்ப்பாராம். திங்கள் முதல் ஆறு வாரம் விடுப்பு எடுக்க வேண்டும், விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, இது உன்னோடு இருக்கட்டும் என்று கேட்டிருந்தார். நான் பெரிய மேதாவி அல்லவா, உடனே பதில் எழுதினேன். "காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று மட்டும் போடுங்கள் அக்கா. கண் என்ற சொல்லே வரக் கூடாது. வந்தால் விதி பாயும். கவலைப்படாதீர்கள், உயிரே போனாலும் என் வாயிலிருந்து வராது."

வாயிலிருந்து வரவில்லைதான்.

நேராகக் கம்ப்யூட்டர்காரர் அறைக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் நடை ஓட்டமாகிவிடும். வழியில் ஃபோட்டோகாப்பி மெஷினுக்கு மேலே நான் ஒட்டிவைத்த தாளைத் தாண்டித்தான் போக வேண்டும். மெயில் எழுதும் முறை பற்றி என் கைப்படத் தயாரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியது. ரிப்ளை ஆல் அழுத்தும் முன் பத்து வரை எண்ணுங்கள். கோபத்தில் எழுதியதை மறுநாள் அனுப்புங்கள். ஆபீஸ் மெயிலில் சொந்தக் கதை வேண்டாம். இந்தக் கடைசி வரியை அன்றைக்குப் பார்க்காத மாதிரி போனேன்.

"யார் என் மெயிலைத் திருட்டுத்தனமாப் படிக்கிறது? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்" என்றேன்.

கம்ப்யூட்டர்காரர் எதற்கும் பதறாத பிறவி. "முதல்ல உக்காருங்க மேடம்" என்று நாற்காலியைத் தள்ளினார். என் கணக்கைத் திறந்தார். எங்கெங்கோ அழுத்தினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"இங்க ஒரு ரூல் இருக்கு பாருங்க. நீங்க அனுப்புற எல்லா மெயிலும் பி.சி.சி.யில சாருக்கும் போகுது. யாருக்கு அனுப்புறீங்களோ அவங்களுக்கு அது தெரியாது. சாரோட பேரே அவங்க பார்வையில வராது."

"யார் வச்ச ரூல்?"

"நீங்கதான்."

"நானா? எனக்கென்ன பைத்தியமா?"

அவர் திரையின் மூலையைக் காட்டினார். என் பெயர் இருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. மாலை ஐந்து மணி பத்து நிமிடம்.

ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருடம் ஒரு கட்டடக்காரர், லிஃப்ட் நிறுத்தப்போவதாகத் தனக்கு அறிவிப்பே வரவில்லை என்று சாதித்தார். மேலாளர் நாலு பேர் முன்னால் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி நான் அனுப்பவில்லை என்று எந்த வாயும் சொல்லக் கூடாது, நான் என்ன அனுப்பினாலும் இந்த மனிதருக்கும் ஒரு நகல் போகட்டும் என்று அன்று சாயங்காலமே அந்த ரூலை வைத்தேன். அவரிடமும் சொன்னேன். அவர் "நல்லது" என்றார். என் ரோஷம் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. ரூலை இறக்க மறந்துவிட்டேன்.

ஆறு வருடம். என் வீட்டுக்காரருக்கு எழுதியது, அவர் அம்மாவைப் பற்றி அவருக்கே எழுதியது, என் தங்கைக்கு எழுதியது, அந்தத் தங்கையின் பிரசவச் செய்தி, என் கர்ப்பப்பை ஆபரேஷன் தேதி. ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர, எனக்கு நடுத்தெருவில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர்காரர் நல்ல மனிதர். திரும்பி உட்கார்ந்துகொண்டு வேறு ஏதோ வேலை செய்வதுபோலக் காட்டிக்கொண்டார்.

"இதை எடுத்துடுங்க" என்றேன்.

"எடுத்தாச்சு மேடம். ஆனா போனது போனதுதான்."

மேலாளர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"சார், அது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல எழுதினது."

"நீங்கதானே எனக்கும் அனுப்புறீங்க? ஆறு வருஷமா வருது. எனக்குத் தெரியட்டும்னுதான் அனுப்புறீங்கன்னு நெனச்சேன்."

"எல்லாத்தையும் படிப்பீங்களா?"

"எங்க நேரம்? தலைப்பைப் பாப்பேன், விட்டுடுவேன். ஒருதடவை 'எங்க ஆபீஸ் உம்மணாமூஞ்சி'ன்னு தங்கச்சிக்கு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சேன்."

அதைச் சொல்லும்போதும் அவர் முகம் உம்மென்றுதான் இருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று நின்றேன்.

"அப்ப இதை மட்டும் எதுக்கு சார் படிச்சீங்க?"

அவர் திரையைத் திருப்பினார். நான் போட்ட தலைப்பு கறுப்பெழுத்தில் இருந்தது. 'கயிறு அக்காவின் இடது கண்: விடுப்பு விண்ணப்பம் எழுதும் முறை.'

"தலைப்பப் பாத்தாலே விஷயம் புரியணும்னு போன மாசம் கிளாஸ் எடுத்தீங்க. புரிஞ்சுது மேடம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அப்புறம் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். திங்கள்கிழமை அவர் தானாகவே விடுப்பில் போகிறார், மூன்று ஊசிதான், கயிற்றுப் பக்கமே போகமாட்டார், படிக்காத மாதிரி விட்டுவிடுங்கள் என்றேன்.

"படிச்சுட்டேனே" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாளைக்கு எங்கயாவது ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தா, இந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு எழுத்துல இருக்கு. என் பெட்டியில இருக்கு. அதை மறைக்கச் சொல்லி யோசனையும் சேர்ந்து இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே சார். ரிப்ளை ஆல் போட்டு, என் மெயிலும் அடியில ஒட்டி..."

"உங்களுக்குத் தெரியாம அவங்களுக்கு எழுதுறது முறையில்லைன்னு நெனச்சேன்" என்றார். "மறைச்சு ஒண்ணு செய்ய எனக்குப் பிடிக்காது."

நான் வெளியே வந்துவிட்டேன். அவர்மேல் எரிந்து விழ ஒரு காரணம் கிடைக்காதா என்று கழிப்பறையில் நின்று தேடினேன். ஆறு வருடமாகத் தேவையில்லாதது வருகிறதே, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. நியாயம்தான். ஆனால் ரூலை வைத்த கை அவருடையது இல்லை.

பன்னிரண்டரை மணிக்குக் கயிறு அக்கா வந்தார். பின்வாசலில், உதிரிபாகங்கள் இறக்கும் மேடையில் உட்கார்ந்திருந்தார். தோளில் கருவிப் பை. கையில் கிரீஸ் துணி. மெயிலைக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் அறையில் இருக்கும்போது பார்த்தாராம். ஜோடிக்காரரிடம் டார்ச்சைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

"அக்கா" என்றேன். பக்கத்தில் உட்காரப் பயமாக இருந்தது.

"பதவி உயர்வு ஏதாவது கேட்டிருந்தியா?" என்றார்.

"அய்யோ அக்கா. சத்தியமா நான் சொல்லலை. அது ஒரு ரூல். தானாப் போயிருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி கோபத்துல வச்சேன். அப்படியே மறந்துட்டேன்."

அவர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"நீ வச்ச ரூல்தானே?"

"ஆமாக்கா."

"ஒரு கயித்துல பாதி இழை அறுந்திருக்கு. நான் பாத்தேன், எழுத மறந்துட்டேன்னு உன்கிட்ட வந்து சொன்னா, பரவாயில்லைக்கான்னு அறிக்கையை வாங்கிக் கோப்புல வச்சுப்பியா?"

நான் அழுதேன். ஆபீசில் அதுவரை அழுததில்லை, மேலாளர் உலுக்கிய அன்றைக்குக்கூட அழவில்லை. அக்கா என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"உன்னை நம்பி எழுதினேன்" என்றார். "வீட்ல அவருக்குக்கூட இன்னும் சொல்லலை." எழுந்து பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. விதியை மாற்றச் சொல்லி தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று எழுதினேன். அவர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. விதிக்கு விலக்கு கிடையாது, தங்கள் அக்கறைக்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இப்படி மரியாதையாக ஒருவன் குரல்வளையைப் பிடிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது ஊசி முடிந்ததும் மேலாளர் அக்காவைத் திரும்ப வேலைக்கு அழைத்தார். அவர் அளவில் அது நல்ல மனதுதான். உட்கார்ந்து பார்க்கிற வேலை, படி ஏற வேண்டாம், சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்றார். ஆனால் எங்கே போட்டார் தெரியுமா? கடிதப் பிரிவில். என் மேசைக்குப் பக்கத்து மேசையில்.

முதல் நாள் அக்கா வந்து உட்கார்ந்தபோது நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை போட்ட என் தாளை ஒரு எழுத்து விடாமல் நின்று படித்தார். பிறகு உட்கார்ந்து, இரும்புக் கயிற்றைப் பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். பத்து நிமிடம் கழித்து என் பெட்டியில் ஒரு மெயில் வந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்திலிருந்து வந்த மெயில்.

தலைப்பு, 'ஜன்னல்'. "அன்புள்ள சகோதரிக்கு, காற்றில் தாள்கள் பறக்கின்றன. ஜன்னலைச் சாத்த இயலுமா? நன்றியுடன்." நகல் என்ற இடத்தில் மேலாளர் முகவரி, எல்லாரும் பார்க்கும்படி.

நான் எழுந்து சாத்தினேன். கொக்கி முதலில் மாட்டவில்லை. இரண்டாவது முயற்சியில் மாட்டியது.

அன்றிலிருந்து அப்படித்தான். பேச்சு கிடையாது. ஸ்டேப்ளர் வேண்டுமென்றால் மெயில், நகல் மேலாளருக்கு. சாப்பிடப் போகிறேன் என்றால் மெயில், நகல் மேலாளருக்கு. ஒன்றில்கூட ஒரு தவறு கண்டுபிடிக்க முடியாது. தலைப்பு, விளிப்பு, ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். மேலாளர் ஒருநாள் என்னை அழைத்து, "ஸ்டேப்ளருக்கெல்லாம் எனக்கு எதுக்கு மேடம்? சொல்லக் கூடாதா அவங்ககிட்ட?" என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? எந்த முகத்தோடு சொல்வேன்?

ஏழாவது வாரம் வருடாந்தரக் கண் பரிசோதனை நடந்தது. அக்காவுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் மற்ற ஆய்வாளர்களோடு வரிசையில் போய் நின்றிருக்கிறார். மதியம் வந்து உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் விழும் சத்தம் நின்றது. மெயில் வந்தது.

"அன்புள்ள சகோதரிக்கும் மேலாளர் அவர்களுக்கும், இன்று என் இரண்டு கண்களையும் பரிசோதித்தார்கள். இரண்டிலும் முழுப் பார்வை இருக்கிறது. பலகையின் கடைசி வரி வரை வாசித்தேன். விதிப்படி நான் கயிற்று வேலைக்குத் திரும்ப முடியாது என்பதை அறிவேன். உங்கள் தகவலுக்காக மட்டும். பதில் தேவையில்லை. நன்றியுடன்."

படித்து முடித்தேன். கண் தேறாமல் போயிருந்தால் அதன்மேல் பழியைப் போட்டு எப்படியோ தூங்கியிருப்பேன் என்று அப்போதுதான் புரிந்தது. அப்படி ஒரு நினைப்பு எனக்குள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்ததே என்று திக்கென்றது. நாற்காலியைத் திருப்பினேன்.

"அக்கா" என்றேன். "ஒரே ஒரு வார்த்தை பேசணும்."

அவர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நல்ல கண்கள். ஏழு வாரம் கழித்து முதல் முறையாக என்னிடம் வாய் திறந்து பேசினார்.

"எதுவா இருந்தாலும் மெயில்ல போடும்மா" என்றார். "சாருக்கும் ஒண்ணு போயிடும்ல."

நான் என் பக்கம் திரும்பிப் புது மெயில் திறந்தேன். பெறுநர் இடத்தில் அவர் முகவரியை அடித்தேன். அதற்கு மேல் ஒரு எழுத்தும் வரவில்லை.